ஒன்பது மணி நேரம், ஒரே கடிகாரம்

(கடற்படையில் கேடட்டாகச் சேர்ந்து, கமாண்டராக ஓய்வுபெற்று, இப்போது பாளையங்கோட்டையில் வசிப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த இதழில் பயிற்சிப் பயணமும் கரை விடுப்பும்.)

என் மகன் கடற்படை அகாடமியில் தேறி, கொச்சியிலிருந்து பயிற்சிக் கப்பலில் புறப்படப் போகிறான். வெளிநாட்டுத் துறைமுகங்களில் அவர்களை ஊருக்குள் விடுவார்களாமே? இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கையில் காசு இருக்கும், கேட்க ஆளில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.
– ஒரு தாய், சங்கரன்கோவில்

அம்மா, 'கேட்க ஆளில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் அடித்துவிடுங்கள். பயிற்சிக் கப்பலில் கேட்க ஆள் இல்லாத இடம் கழிப்பறை ஒன்றுதான். அங்கும் வெளியே ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டிருப்பான்.

உங்கள் மகன் போவது முதலாவது பயிற்சிப் படைப்பிரிவில். தீர், சுஜாதா, சார்துல் போன்ற கப்பல்கள், தரங்கிணி, சுதர்ஷினி என்ற பாய்மரக் கப்பல்கள் எல்லாம் அதைச் சேர்ந்தவை. கடற்பயிற்சி சுமார் 24 வாரம். அதில் நடுவே சில நாட்கள் வெளிநாட்டுத் துறைமுகம். கப்பலைத் துறையில் கட்டிய உடனே இறங்கி ஓடிவிட முடியாது. தளபதி அந்த ஊர்ப் பெரியவர்களைச் சந்திக்கப் போவார், பொதுமக்கள் கப்பலைச் சுற்றிப் பார்க்க வருவார்கள், உள்ளூர் அணியோடு கால்பந்து நடக்கும், மாலையில் மேல்தளத்தில் விருந்து. அந்த விருந்தில் வெள்ளைச் சீருடையில் விறைப்பாக நின்று, தெரியாத மொழிக்காரரோடு தெரிந்தது போலச் சிரிப்பதும் பயிற்சியில் ஒரு பாடம். எனக்குத் தாடை வலித்தது.

இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் விடுப்பு. அதிலும் பாதிப் பேர் கப்பலிலேயே காவலுக்கு இருக்கவேண்டும். நெருப்புப் பற்றினாலோ, காற்று திரும்பி, கப்பலைக் கரையோடு கட்டிய வடம் அறுந்தாலோ ஓடுவதற்கு ஆள் வேண்டுமே. மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். சட்டை மடிப்பு, முடி, ஷூவின் பளபளப்பு எல்லாவற்றையும் ஒருவர் பார்ப்பார். என் காலத்தில் ஷூவில் தன் பல் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கும் ஒரு பயிற்றுநர் இருந்தார். அவருக்குப் பல் தெரியவில்லையென்றால் நமக்கு ஊர் தெரியாது. கேங்வேயில், அதாவது கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் படிப்பாலத்தில், பெயர் அட்டையைக் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். திரும்பி வந்து அதே அட்டையை வாங்கவேண்டும். தனியாகப் போகக்கூடாது, மூன்று பேராகப் போ என்பார்கள். குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதைத்தான் நினைத்தீர்கள் என்று தெரிகிறது. ஏறும்போது தடுமாறுகிறவனைப் பார்ப்பதற்கென்றே கேங்வேயில் ஆள் நிற்கிறார் என்பது வரை சொல்கிறேன். மீதி உங்கள் வளர்ப்பு.

ஒரு வேண்டுகோள். கப்பல் துறைமுகத்தை அடைந்த அன்றே போன் வரவில்லை என்று அழாதீர்கள். 2000ஆம் ஆண்டில் நான் மொரீஷியஸின் போர்ட் லூயியில் இறங்கியதும் முதலில் தொலைபேசி அட்டை ஒன்றை வாங்கினேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டுக்குத்தான் போட்டேன். அந்த வீட்டு அத்தை, "இருப்பா, அம்மாவைக் கூப்பிடுகிறேன்" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கேட்டதெல்லாம் அவர்கள் வீட்டுக் குக்கர் விசில். மூன்று விசில் கேட்டேன். நான்காவதற்குள் அட்டை தீர்ந்துவிட்டது. அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து, ரிசீவரை எடுத்து, "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். இன்று உங்கள் மகன் கையில் செல்போன் இருக்கும். இருந்தாலும் முதல் நாள் அவனை விட்டுவிடுங்கள்.

பல நாள் கடலில் இருந்துவிட்டுக் கரையில் கால் வைத்தால் தரை ஆடும் என்கிறார்களே, நிஜமா, கதையா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நிஜம்தான். கொச்சியிலிருந்து போர்ட் லூயி சுமார் 2,100 கடல்மைல். மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் போனால் ஏழு நாளுக்கு மேல் ஆகும். அந்த ஏழு நாளில் உள்காதும் மூளையும் பேசிவைத்துக்கொண்டு, ஆட்டத்தையே நிலையாக எடுத்துக்கொள்கின்றன. தரை ஆடாதபோது மூளை அதை ஆட்டுகிறது. நின்றால்தான் தெரியும், நடந்தால் தெரியாது. அஞ்சலகத்தில் வரிசையில் நின்றபோது நான் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்திருக்கிறேன். பின்னால் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

மொரீஷியஸில் எங்கும் தமிழ் என்று ஒரு நண்பர் சொல்கிறார். ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் இருக்கிறதாம். நீங்கள் அங்கே தமிழில் பேசிச் சமாளித்தீர்களா?
– வாசகர், திண்டுக்கல்

நோட்டில் இருக்கிறது, அது உண்மை. தொலைபேசி அட்டைக்குப் பணம் மாற்றியபோது கையில் வந்த நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துக் கவுன்டரை விட்டு நகராமல் நின்றேன். 100 ரூபாய் நோட்டில் இருக்கும் முகமே தமிழ் வம்சாவளியில் வந்த வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ரெங்கநாதன் சீனிவாசனுடையது. நான் போனதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1998இல், புது நோட்டுகளில் தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளி இந்தியை மேலே ஏற்றி அச்சிட்டுவிட்டார்கள் என்று பெரிய கொந்தளிப்பு எழுந்து, கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டார்கள். ஒரு வரி மேலா கீழா என்பதற்காக ஒரு நாட்டின் பணமே மாறியது. நம் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பேசிச் சமாளித்தேனா என்றால், இல்லை. அதில் எனக்கு நல்ல மூக்குடைப்பு.

நாங்கள் மூன்று பேர் போனோம். நான், கண்ணூர்க்காரன் ஒருவன், பீகாரின் ஆரா ஊரிலிருந்து வந்த ஒருவன். ஏழு நாளும் கப்பலில் இருவரிடமும் பீற்றிக்கொண்டே வந்தேன். "அங்கே எங்கள் ஆட்கள்தான். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள்." இறங்கியதும் பெயர்ப் பலகைகளைப் பார்த்து நெஞ்சு இன்னும் நிமிர்ந்தது. முத்து, பிள்ளை, செட்டி, வீராசாமி எல்லாரும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கடை வைத்திருந்தார்கள். ஒரு கடையில் நுழைந்து, "ஐயா, வணக்கம்" என்றேன். அவர் கைகூப்பி, "வணக்கம்" என்றார். அத்தோடு தமிழ் முடிந்தது. பிறகு வந்ததெல்லாம் கிரியோல். அது பிரெஞ்சிலிருந்து முளைத்த அந்த ஊர்ப் பொதுமொழி. அவர் தாத்தாவின் தாத்தா காலத்திலேயே அங்கே வந்துவிட்ட குடும்பம். பள்ளியில் தமிழ் கற்றுத்தருகிறார்கள், கோயிலில் பாடுகிறார்கள், தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடுகிறது. வீட்டில் பேச்சு மட்டும் கிரியோல்.

இந்த நேரத்தில் ஆராக்காரன் தெருமுனையில் வேர்க்கடலை விற்ற கிழவியிடம் தன் ஊர் மொழியான போஜ்புரியில் ஏதோ கேட்டான். அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார். அவன் இன்னொரு வாக்கியம் சொன்னான். அவர் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அங்கே முதியவர்களிடம் போஜ்புரி அப்போதும் உயிரோடு இருந்தது. அவன் பேசுவது தன் பாட்டி பேசியது போலவே இருக்கிறதாம். எங்களுக்கு இலவசமாகக் கடலை கிடைத்தது. நான் பின்னால் போனேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஆப்ரவாசி காட், அதாவது குடியேறியோர் படித்துறை, இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இறங்கிய இடம். 1834இலிருந்து அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தீவுக்கு வந்தார்கள். 1987 வரை அந்த இடத்தின் பெயரே 'கூலி காட்'. நாங்கள் போனபோது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சிறப்பெல்லாம் வரவில்லை, அது 2006இல்தான். வளாகத்தின் ஒரு பகுதியை நெடுஞ்சாலை விழுங்கியிருந்தது, லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. தண்ணீரிலிருந்து ஏறிவந்த கற்படிகள் 16. ஆராக்காரன் மேலும் கீழும் இரண்டு முறை எண்ணினான். "நாம் இறங்கிய கேங்வே படி எத்தனை?" என்று கேட்டான். நாங்கள் யாரும் எண்ணியிருக்கவில்லை.

என் மானம் திரும்பியது சந்தையில். போர்ட் லூயியின் மத்தியச் சந்தையில் காய்கறிப் பகுதியில் நுழைந்தால் வாசனையே நம் ஊர் வாசனை. ஒரு பெண்மணி ஒரு காயைக் காட்டி, "பிப்பங்காய்" என்றார். பார்த்தால் பீர்க்கங்காய். கீரைக்கட்டைக் காட்டி, "ப்ரெத் முரும்" என்றார். முருங்கைக்கீரை. கறிவேப்பிலைக்கு "கரிப்புலே". அவர்கள் ஊரில் ரசத்துக்கு "ரசோன்". பேச்சு கரைந்துபோன பிறகும் காய்கறிக் கூடையில் தமிழ் தங்கிவிட்டது. நான் ஒவ்வொரு காயாகக் கையிலெடுத்து நம் பெயரைச் சொல்ல, அவர் அவர் பெயரைச் சொல்ல, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். புடலங்காய் வந்தபோது கைதட்டினார்கள். கண்ணூர்க்காரனும் சேர்ந்துகொண்டு மலையாளத்தில் ஒரு பங்கு கேட்டான். கொடுத்தேன்.

அங்கே சாப்பிட்டது இரண்டு. ஒன்று 'காத்தோ பிமா'. பிரெஞ்சில் மிளகாய்க் கேக் என்று பொருள். வாயில் போட்டால் நம் பருப்பு வடை, அளவில் மட்டும் சின்னது. இன்னொன்று தால் பூரி. வேகவைத்து அரைத்த பருப்பு உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி. எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒன்று போதும் என்று சொன்னால், என்ன மனிதன் நீ என்பது போலப் பார்க்கிறார்கள்.

கோயில் பற்றிக் கேட்பீர்கள். சாந்த் க்ருவா பகுதியில் 'கைலாசோன்' என்று மக்கள் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. நகரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். நான் போகவில்லை. ஏன் என்பது அடுத்த பதிலில்.

கரை விடுப்பு முடிந்து தாமதமாக வந்தால் என்ன தண்டனை? நீங்கள் எப்போதாவது மாட்டிக்கொண்டதுண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவன், கயத்தாறு

தாமதமாக வந்தால் அடுத்த துறைமுகத்தில் நீ கப்பலிலிருந்து ஊரைப் பார்ப்பாய், தம்பி. கூடவே கொஞ்சம் ஓட்டமும் இருக்கும். கப்பல் புறப்படும் நேரத்தையே தவறவிட்டால் அது வேறு கதை, அதை இங்கே எழுதவேண்டாம். பழைய நாளில் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் நீலக் கட்டத்துக்குள் வெள்ளைச் சதுரம் உள்ள கொடியை ஏற்றினால், 'எல்லாரும் ஏறுங்கள், புறப்படப் போகிறோம்' என்று பொருள். 'புளூ பீட்டர்' என்பார்கள். கடைத்தெருவிலிருந்து அதைப் பார்த்து ஓடியவர்கள் உண்டு.

நான் மாட்டியது சீக்கிரம் வந்ததற்காக. சிரிக்காதே.

அன்று எங்களுக்கு விடுப்பு காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை. என் கடிகாரத்தின் பட்டை முந்தைய நாள் வடம் இழுத்தபோது அறுந்திருந்தது. ஆராக்காரனிடம் கடிகாரமே இல்லை. மூன்று பேருக்கும் சேர்த்துக் கண்ணூர்க்காரனின் எச்.எம்.டி. ஒன்றுதான், அவன் அப்பா கொடுத்தது. மொரீஷியஸ் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. மேற்கே போகும்போது கப்பலில் சில இரவுகளில் அரைமணி அரைமணியாகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். கப்பல் முழுக்கத் தள்ளியது. கண்ணூர்க்காரன் மட்டும் தள்ளவில்லை. ஆறரைக்கு அவன் அம்மா விளக்கேற்றுவார், அந்த நேரம் கையில் தெரியவேண்டுமாம். யாராவது மணி கேட்டால் மனத்தில் ஒன்றரை கழித்துச் சொல்வான். காலையிலிருந்து ஒழுங்காகக் கழித்துக்கொண்டுதான் இருந்தான்.

சந்தையில் புடலங்காய்க்குக் கைதட்டு வாங்கிய சற்று நேரத்தில் நான் மணி கேட்டேன். அவன் வாயில் தால் பூரி. கடிகாரத்தைப் பார்த்து, "ஐந்தே முக்கால்" என்றான். கழிக்க மறந்துவிட்டான்.

மூவருக்கும் முகம் வெளுத்தது. கையில் மிச்சமிருந்த தால் பூரியை அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளைச் சட்டை. துறைமுகக் கேட்டில் அடையாள அட்டையைக் காட்டி, கேங்வேயில் பாய்ந்து ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே பின்தளத்துக்கு சல்யூட் அடித்தோம். காவலில் இருந்த அதிகாரி எங்களைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை.

பணி அனுபவத்தில் சொல்கிறேன், தாமதமாக வருகிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை, காரணம் தெரிந்ததுதான். ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடி வருகிறவன் ஏதோ செய்துவிட்டுத்தான் வருகிறான். "யாரோடு சண்டை?" என்றார். இல்லை என்றோம். "பர்ஸ் தொலைந்ததா? போலீஸ் துரத்துகிறதா?" இல்லை. "அப்படியானால் சட்டையில் என்ன கறை?" பையிலிருந்து தால் பூரியின் சாறு வழிந்துகொண்டிருந்தது. கண்ணூர்க்காரன் கடிகாரத்தை நீட்டி, அம்மா, விளக்கு என்று ஆரம்பித்தான். அந்த அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், சிரிக்கவே இல்லை. அட்டையைத் திருப்பி வாங்கிவிட்டால் அன்றைய விடுப்பு முடிந்தது, மறுபடி இறங்க முடியாது. மூவரையும் முன்தளத்தில் வடம் சுருட்ட அனுப்பிவிட்டார்.

கைலாசோன் கோயிலுக்கு வைத்திருந்த நேரம் அதுதான். மறுநாள் எங்களுக்குக் காவல் முறை. அதற்கடுத்த நாள் காலை கப்பல் கிளம்பிவிட்டது. கண்ணூர்க்காரன் பிற்பாடு கப்பலோட்டலில் நிபுணனாகி, விநாடி பிசகாமல் நேரம் கணிக்கும் வேலையில் நல்ல பெயர் எடுத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் போடுவான்.

'ஷோர் லீவ்' என்பதற்குக் 'கரை விடுப்பு' என்று எழுதுகிறீர்கள். கடற்படையில் உண்மையில் என்ன சொல்வார்கள்? தமிழில் பழைய சொல் ஏதும் இல்லையா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குலசேகரன்பட்டினம்

ஐயா, கடற்படையில் 'லிபர்ட்டி' என்பார்கள். இறங்குகிறவர்கள் 'லிபர்ட்டி மென்'. இறங்கும் நேரத்தில் உள்ளே இருப்பவன் அடிமை என்று சொல்லாமல் சொல்லும் சொல். கரை விடுப்பு என்பது நான் எழுத்துக்காகப் போட்டது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கையெழுத்திலேயே தெரிகிறது.

தூத்துக்குடித் தோணிகளில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர்களோடு நான் சிறுவயதில் பழகியிருக்கிறேன். அவர்களிடம் இதற்கெனத் தனிச் சொல் கேட்டதில்லை. "கரைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அதுவே லிபர்ட்டியைவிடச் சரியாகப் படுகிறது. இறங்கும்போதே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறானே.

வணிகக் கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது கப்பலோட்டும் பிரிவில் பயிற்சி பெறுபவனாக, சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பதினொரு துறைமுகம் பார்த்துவிட்டேன். ஊருக்குள் போனது இரண்டே முறை. உங்கள் கதையைப் படித்தால் எரிச்சலாக இருக்கிறது. கரைக்குப் போவது எங்கள் உரிமை இல்லையா?
– கேடட், இராமநாதபுரம் மாவட்டம்

எரிச்சல் நியாயம். உரிமைதான். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கடலோடிகளுக்குக் கரை விடுப்புத் தரவேண்டும் என்று சொல்கிறது. இந்தியா அதை 2015இல் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் இப்படி இருக்க, உங்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வேகம். அக்காலத்தில் சரக்கு இறக்க ஒரு வாரம் ஆகும், கடலோடி ஊரில் நண்பனே பிடித்துவிடுவான். கன்டெய்னர் கப்பல் சில மணி நேரத்தில் வேலையை முடித்துக் கிளம்பிவிடுகிறது. இரண்டாவது பாதுகாப்புக் கெடுபிடி. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு வந்த துறைமுகப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் பல முனையங்களில் கேட்டைத் தாண்டுவதே ஒரு பயணம்.

உங்கள் சீனியர் அதிகாரியிடம், துறைமுகத்தை அடைவதற்கு முன்பே, எந்த நேரத்தில் உங்களுக்குக் காவல் இல்லை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலைத் துறையில் கட்டிய பிறகு கேட்டால் அவருக்கு ஆயிரம் தலைவலி இருக்கும். பெரிய துறைமுகங்களில் கடலோடிகளுக்கான நல மையங்கள் உண்டு. ஸ்டெல்லா மாரிஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு போன்றவை நடத்துபவை. பல இடங்களில் கப்பலடிக்கே வேன் அனுப்புவார்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் தூங்கிக் கழிக்காதீர்கள். ஆனால் 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் ஓய்வு என்ற விதியை அறுத்து அதில் ஊர் சுற்றாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வடத்தின் பக்கம் நிற்பவனை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் சொல்லவேண்டாம்.

பயிற்சிக் கப்பல் என்றாலே கடலில் ஓடவேண்டுமா? என் பெரியப்பா 'டஃபரினில்' படித்தவர், அது நகரவே இல்லை என்பார்.
– வாசகி, சென்னை

பெரியப்பா சொன்னது சரி. டஃபரின் 1927 முதல் பம்பாய்த் துறைமுகத்தில் நங்கூரமிட்டுப் பள்ளிக்கூடமாக நின்ற கப்பல். 1972இல் அதன் இடத்துக்கு ராஜேந்திரா வந்தது. அவர்களுக்குக் கரை எப்போதும் கண்ணெதிரே தெரிந்தது. அது இன்னும் கொடுமை என்று நினைக்கிறேன்.

முதல் வெளிநாட்டுப் பயணத்தில் வீட்டுக்கு என்ன வாங்கி வந்தீர்கள்?
– இல்லத்தரசி, விருதுநகர்

தொலைபேசி அட்டை போக மிஞ்சிய காசில் ஒரு பாக்கெட் வெனிலாத் தேயிலை. அந்தத் தீவில் அது பிரபலம். ஊருக்கு வந்து பெருமையோடு அம்மாவிடம் கொடுத்தேன். மோந்து பார்த்தார். "இதைப் போய் யாராவது குடிப்பார்களா? பிறந்த குழந்தைக்குப் போடும் பவுடர் மாதிரி இருக்கிறது" என்று சொல்லி, துணியில் முடிந்து பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். குக்கர் விசிலுக்கு நடுவே ரிசீவரை வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடப் போனாரே பக்கத்து வீட்டு அத்தை, அவர் ஒரு கல்யாணத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்து, என்ன சென்ட், எந்தக் கடை என்று கேட்டாராம். அம்மா, மொரீஷியஸ் என்று சொல்லியிருக்கிறார். திருநெல்வேலியில் எந்தத் தெரு என்று அவர் திரும்பக் கேட்டாராம்.